மூச்சுக்குழாயில் ஒரு மல்லாட்டை

விழுப்புரத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறி, காணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கண்டாச்சிபுரம். பாறைக் குன்றும் செம்மண்ணும் கலந்த பூமி. மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதை இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்ற பெயர் வாயில் உருண்டு உருண்டு அப்படி ஆகிவிட்டது. பரவலாக விதைத்த டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்ற ரகங்களின் பெயரில் இருக்கும் டி.எம்.வி.யும் வேறொன்றுமில்லை, நம்ம திண்டிவனம்தான். அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் கொடுத்த விதைகள் அவை.

அறுவடை நாளில் செடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். கைக்குழந்தை மரத்தடி ஏணையில் தூங்கும். நடக்கத் தெரிந்தது குவியலைச் சுற்றிச் சுற்றி வரும். பச்சைக்காய் இனிக்கும். ஒன்றை உடைத்துப் பருப்பைக் குழந்தை வாயில் போடுவது ஆயாவுக்குப் பிரியத்தின் அடையாளம். வாயில் பருப்போடு அது ஓடும், சிரிக்கும், தடுக்கி விழுந்து அழும். அழுகைக்கு நடுவே மூச்சை உள்ளே இழுக்கும் அந்த ஒரு நொடியில் பருப்பு உணவுக்குழாய்க்குப் போகாமல் பக்கத்துக் குழாய்க்குள் போய்விடும்.

நமக்கு அது 'புரையேறுவது'. "யாரோ நெனைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டுவோம். குழந்தை கண் கலங்க இருமும், முகம் சிவக்கும். ஐந்து, பத்து நிமிடத்தில் இருமல் அடங்கிவிடும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி விளையாடப் போய்விடும். வீட்டில் எல்லோரும் அதை மறந்துபோவார்கள்.

இந்த மறதியில்தான் சிக்கலே. இருமல் நின்றதற்குக் காரணம் பருப்பு வெளியே வந்தது என்று நினைக்கிறோம். பல நேரம் அது கீழே இறங்கி ஒரு கிளைக்குழாயில் நன்றாக உட்கார்ந்துகொண்டதால்தான் இருமல் நிற்கிறது. உட்கார்ந்த இடம் பழகிவிட்டால் குழாயின் உள்தோலும் எதிர்ப்பதை நிறுத்திவிடும். மருத்துவர்கள் இதை அமைதிக் காலம் என்கிறார்கள். சில மணி நேரமும் இருக்கலாம், சில வாரமும் இருக்கலாம்.

பிறகு காய்ச்சல் வரும், சளி வரும், 'இழுப்பு' வரும். பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் சிரப் கொடுப்பார்கள், நெபுலைசர் வைப்பார்கள். இரண்டு நாள் தேவலை, மூன்றாம் நாள் திரும்ப வரும். டாக்டரை மாற்றுவார்கள். 'ஆஸ்துமா மாதிரி இருக்கு' என்று ஒருவரும் 'நிமோனியா' என்று இன்னொருவரும் சொல்வார்கள். ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்றரை மாதம் இழுக்கும். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மழைக்காலத்தில் வாசலில் நாற்பது குழந்தைகள் இருமிக்கொண்டு நிற்கும்போது, அதில் ஒன்றின் நெஞ்சில் மட்டும் பருப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை.

ஆனால் துப்பு இருக்கிறது. ஆஸ்துமா இழுப்பு இரண்டு பக்க நுரையீரலிலும் கேட்கும். பருப்பு அடைத்தால் ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம், அல்லது ஒரு பக்கம் மட்டும் காற்று குறைவு. பெரும்பாலும் வலது பக்கம். வலது கிளைக்குழாய் அகலமாகவும் நேராகவும் இறங்குவதால் விழுந்த பொருள் அந்த வழியைத்தான் தேடும். எக்ஸ்ரேயில் காசு தெரியும், ஊக்கு தெரியும், மல்லாட்டை தெரியாது. அதன் விளைவுதான் தெரியும். மூச்சு இழுக்கும்போது குழாய் விரிவதால் பருப்பைத் தாண்டிக் காற்று உள்ளே போகும். விடும்போது குழாய் சுருங்குவதால் காற்று மாட்டிக்கொள்ளும். சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி ஒருவழிப் பாதை. அதனால் அந்தப் பக்க நுரையீரல் மட்டும் பலூன் போல உப்பிப் படத்தில் கூடுதல் கறுப்பாகத் தெரியும். சில குழந்தைகளுக்கு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். அப்போது மிஞ்சுவது ஒரே ஒரு கேள்வி: "சாப்பிடும்போது எப்பவாவது புரையேறிச்சா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் டாக்டரும், அதற்கு "ஆமா, போன மாசம் மல்லாட்டை தின்னப்ப…" என்று பதில் சொல்லும் தாயும் சேர்ந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் நிபுணர்கள் வேண்டும்.

அந்த மீதியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் தடிமன். அதற்குள் நுழைக்கும் உலோகக் குழாய், ரிஜிட் பிராங்கோஸ்கோப், வெளிவிட்டம் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள்ளேதான் வெளிச்சம், தொலைநோக்கி, இடுக்கி, குழந்தை மூச்சுவிடக் காற்று எல்லாம் போக வேண்டும். நெஞ்சில் ஒரு கீறல் கிடையாது. வாய் வழியாக, குரல்நாண்களுக்கு நடுவே, உள்ளே.

மயக்க மருத்துவரும் குழாய் போடும் மருத்துவரும் இங்கே ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மற்ற ஆபரேஷனில் மயக்க மருத்துவர் தன் குழாயைத் தொண்டையில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் இருப்பார், அறுவை வேறெங்கோ நடக்கும். இங்கே சண்டையே தொண்டையில். குழந்தை அசையவும் கூடாது, மூச்சு நிற்கவும் கூடாது. பல மயக்க மருத்துவர்கள் குழந்தையைத் தானாகவே மூச்சுவிட விட்டு ஆழ்ந்த மயக்கத்தில் வைப்பார்கள். திரையில் பருப்பு தெரியும். நாள்பட்டதாக இருந்தால் பருப்பு நேராகத் தெரியாது. சுற்றிலும் வீங்கிய சிவந்த சதையும் சீழும்தான் முதலில் தெரியும். கடலை எண்ணெய்க்கு மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கும் குணம் உண்டு. ஈரத்தில் பருப்பும் ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். அழுத்திப் பிடித்தால் நொறுங்கி இன்னும் ஆழமான கிளைகளுக்குச் சிதறும். இதற்கென்றே ஓர் இடுக்கி இருக்கிறது, அதன் பெயரே கடலை இடுக்கி. நடுவில் ஓட்டை விட்ட தாடைகள், பருப்பை நசுக்காமல் தழுவிப் பிடிக்கும்.

பிடித்ததும் வேலை முடியவில்லை. முழுப் பருப்பு அந்தக் குழாய்க்குள் நுழையாது. ஆகவே இடுக்கி, தொலைநோக்கி, குழாய், பருப்பு நான்கையும் ஒன்றாகச் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும். குரல்நாண்களைக் கடக்கும் இடம்தான் கண்டம். அங்கே பருப்பு இடுக்கியிலிருந்து நழுவி விழுந்தால் இரண்டு நுரையீரலுக்கும் போகும் தாய்க்குழாயே அடைபடும். அப்படி நேர்ந்து உடனே எடுக்க முடியாமல் போனால் நல்ல மருத்துவர் என்ன செய்வார் தெரியுமா? எடுக்க வந்த பருப்பைத் திரும்ப ஒரு பக்கக் கிளைக்கே தள்ளிவிடுவார். ஒரு நுரையீரலாவது ஓடட்டும், குழந்தை தேறியதும் மறுபடி பார்க்கலாம் என்று. இந்த முடிவை எடுக்க விநாடிகள்தான் இருக்கும். மூன்று நான்கு பேர் அடிக்கடி சேர்ந்து வேலை பார்த்த குழுவுக்குத்தான் அது கைவரும். பருப்பு வெளியே வந்த பிறகும் மறுபடி ஒருமுறை குழாயை விட்டு, இன்னொரு துண்டு மிச்சமிருக்கிறதா என்று பார்த்தபின்தான் முடிப்பார்கள். சிக்கல் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் குழந்தை வீட்டில்.

'கத்தி வைக்காத' சிகிச்சை என்றதும் சின்ன வேலை என்று நமக்கு ஒரு நினைப்பு. உடம்பில் போடும் ஓட்டை சிறிதாகச் சிறிதாக அதற்குப் பின்னால் தேவைப்படும் பயிற்சி பெரிதாகிறது. இதைத்தான் விளம்பரப் பலகைகள் சொல்வதில்லை. அவை மிஷினின் படத்தைப் போடும். மிஷினை வாங்கிவிடலாம். கை பழக வருஷங்கள் வேண்டும்.

இந்தக் கலை பிறந்ததே நெஞ்சில் சிக்கிய ஓர் எலும்பால்தான். 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் மாட்டியிருந்த பன்றி எலும்பைக் குழாய் விட்டு எடுத்தார். அதற்குப் பின் அமெரிக்காவில் ஷெவாலியர் ஜாக்சன் வந்தார். நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் அவர் எடுத்த பொத்தான், ஊக்கு, காசு, பொம்மை என 2,374 பொருள்கள் இன்றும் ஃபிலடெல்ஃபியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. கடலை மூச்சுக்குழாயில் உண்டாக்கும் அழற்சிக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தவர் அவர். அங்கேயும் கடலைதான் என்பது நமக்கு ஒரு ஆறுதல்.

வளையும் குழாய் வர இன்னும் காலம் பிடித்தது. ஜப்பானின் ஷிகெட்டோ இகேதா 1966இல் கண்ணாடி இழைகளால் ஆன நெகிழும் பிராங்கோஸ்கோப்பை உலகுக்குக் காட்டினார். இன்று 'ஸ்கோப் விட்டுப் பாக்கணும்' என்று பெரியவர்களிடம் சொல்லும்போது பெரும்பாலும் இந்த வகையைத்தான் சொல்கிறார்கள். மூக்கு வழியாக, தொண்டையை மரத்துப்போகச் செய்து, முழு மயக்கம் இல்லாமலே பார்த்துவிடலாம்.

இனி பெரியவர்களின் நெஞ்சு நோய்க் கதை. 1910இல் கும்பகோணத்திலிருந்து ரயிலேறி விழுப்புரம் வழியாகத் திருக்கோவிலூருக்கு ஓர் இளைஞர் வந்தார். கையில் கணக்கு நோட்டு. அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர். வேலை கேட்டு வந்த இளைஞர் ராமானுஜன். அதே 1910இல்தான் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜக்கோபேயஸ், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே நுழைத்து நெஞ்சறைக்குள் பார்க்கலாம் என்று எழுதினார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஏழு வருஷம் கழித்து ராமானுஜன் இங்கிலாந்தில் படுத்தபோது காசநோய் என்று நினைத்து சானடோரியத்தில் சேர்த்தார்கள். அங்கே மெண்டிப் குன்றுகளில் அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் நம்மூர் டேவிட் சௌரிமுத்து. ராமானுஜனுக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா என்று 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை வைத்து வாதிட்டார். அது சரியோ இல்லையோ, அன்றைய மருத்துவர் பெரும்பாலும் வெளியிலிருந்து தட்டியும் கேட்டும்தான் ஊகித்தார். உள்ளே போய்த் துளி சதை எடுத்து உறுதிசெய்யும் வழக்கம் இன்னும் வரவில்லை.

அதே சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மருந்து வராத அந்தக் காலத்தில் உலகெங்கும் காசநோய்க்கு நல்ல காற்று, படுக்கை, முட்டை, பால்தான். சிலருக்கு விலா எலும்புகளை வெட்டியெடுத்து நெஞ்சையே ஒடுக்கி நுரையீரலை 'ஓய்வெடுக்க' வைத்த கொடுமையும் உண்டு. பின்னர் 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்து அதே மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகிறார்கள் என்று 1959இல் காட்டியது. உலகமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. உடம்பைக் குறைவாகத் தொட்டு அதிகம் குணமாக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எந்தக் கருவியும் தரவில்லை. என் கணக்கில் நுண்துளை சிகிச்சையின் தமிழ்நாட்டு வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இன்று "நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு" என்று ஒருவர் வந்தால் முதலில் ஊசியால் நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள். நம்மூரில் அது பெரும்பாலும் காசநோயாக இருக்கும், சில நேரம் புற்றுநோய். நீர் விடை சொல்லாவிட்டால், விலாவுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவு துளை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஜக்கோபேயஸ் காட்டிய வழியில் உள்ளே பார்த்து, சந்தேகமான இடத்தில் துணுக்கு எடுப்பது. இதைச் செய்பவர் நுரையீரல் மருத்துவர். முன்பு கழுத்துக்குக் கீழே கீறித்தான் எட்ட முடிந்த நெஞ்சு நடுவிலுள்ள நெறிக்கட்டிகளை இப்போது நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய ஸ்கோப்பை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, குழாய்ச் சுவர் வழியாகவே ஊசியால் தொட்டு எடுக்கிறார்கள். அதற்கு எபஸ் என்று பெயர். நுரையீரலில் ஒரு பாகத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தால், விலாவை அகட்டிப் பிளக்காமல், சில துளைகளும் கேமராவும் கொண்டு செய்வது நெஞ்சக அறுவை மருத்துவரின் வேலை.

'நுரையீரல் டாக்டர்' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஸ்கோப் விடுபவர் வேறு, நெஞ்சைத் திறக்கத் தெரிந்தவர் வேறு. எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவர் முகத்தை நோயாளி பார்ப்பதே இல்லை, ஆனால் அவர் சொல்லும் ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும். துளை வழியாகத் தொடங்கிய ஆபரேஷனில் ரத்தம் கட்டுக்கு வராவிட்டால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டும். அதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பதுதான் அந்தத் துளைக்கே காப்பீடு.

எல்லா இருமலுக்கும் ஸ்கோப் வேண்டுமா என்றால், வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதல் வழி சளிப் பரிசோதனைதான். அரசு மருத்துவமனையில் அது இலவசம். சளியே வராதபோதும், பரிசோதனை ஒன்றும் சொல்லாமல் எக்ஸ்ரே மட்டும் சந்தேகப்படும்போதும், சளியில் ரத்தம் தொடர்ந்து வரும்போதும்தான் ஸ்கோப்புக்கு வேலை. கல்குவாரித் தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்து இறுகிப்போனால் எந்தக் குழாய் விட்டும் அதைத் துடைத்தெடுக்க முடியாது. அங்கே மருத்துவரைவிட தண்ணீர் தெளிப்பானும் சட்டமும்தான் முந்த வேண்டும். ஸ்கோப் இருக்கிறது என்பதற்காகவே ஸ்கோப் விடும் இடங்களும் உண்டு. "இதுல என்ன தெரிஞ்சா வைத்தியம் மாறும்?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நல்ல நிபுணர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கண்டாச்சிபுரத்துக்காரருக்கு எது கிட்டே? விழுப்புரத்தைத் தாண்டி முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிழக்கே புதுச்சேரியில் ஜிப்மர். குழந்தைக்கென்றால் சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. வருஷ வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. சேர்க்கும் இடத்தில் அட்டையைக் காட்டிக் கேட்க மறக்கக் கூடாது. மூச்சு திணறுகிறது என்றால் பஸ்ஸுக்கு நிற்காமல் 108ஐ அழைக்க வேண்டும். புரையேறிய குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டாதீர்கள். சத்தமே வராமல் உதடு நீலம் பூத்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கையில் கவிழ்த்துத் தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். அதைவிடப் பெரிய குழந்தைக்கு முதுகில் தட்டியும் வராவிட்டால், பின்னால் மண்டியிட்டுத் தொப்புளுக்கு மேலே கையை மடித்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். இதை அங்கன்வாடியிலும், பஞ்சாயத்துக் கூட்டத்திலும், அறுவடைக் களத்திலும் ஒரு பத்து நிமிடம் செய்துகாட்டினால் போதும்.

ஆயாக்களுக்கு ஒரு வார்த்தை. நாலு வயது ஆகும் வரை முழு மல்லாட்டை வேண்டாம், பச்சையோ வறுத்ததோ அவித்ததோ. கடைவாய்ப் பற்கள் முளைத்து மென்று அரைக்கப் பழகும் வரை பொறுங்கள். ஆசையாக இருந்தால் பொடியாக இடித்து வெல்லத்தோடு சோற்றில் பிசைந்து கொடுங்கள். தாய்மாருக்கு இன்னொன்று. குழந்தைக்கு இழுப்பு என்று எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்: "சார், இத்தன நாளைக்கி முன்னாடி மல்லாட்ட தின்னப்ப புரையேறிச்சு."